எத்தனை கட்டை?

2023 ஜனவரியில் ஒரு சாயங்காலம், மேல் வீட்டு டீச்சர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "தம்பி, இஞ்ச மீனம்பாக்கத்திலயிருந்து பலாலிக்கு எத்தினை கட்டை?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த கட்டை இரண்டுதான். ஒன்று அடுப்பில் வைப்பது, இன்னொன்று கச்சேரியில் சுருதி. விழித்தேன்.

"மைல் தம்பி, மைல். யாழ்ப்பாணத்திலே நாங்கள் கட்டை எண்டுதான் சொல்லுறது."

டீச்சருக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்தில் இருபத்தைந்து வருஷம் பூகோளம் சொல்லிக் கொடுத்தவர். 1990-ல் பலாலிப் பக்கத்து வீட்டை விட்டுக் கிளம்பி, கொழும்பு வந்து, அப்புறம் சென்னை வந்து, நாலு வாடகை வீடு மாறி எங்கள் மேல் மாடிக்கு வந்தவர். மகள் டொரன்டோவில். பூகோளம் டீச்சருக்கு நான் தூரம் சொல்வதா என்றேன்.

"கண் தெரிஞ்சால் நானே பார்ப்பன். அட்லசிலே எழுத்து எறும்பு மாதிரி ஓடுது. நீங்கள் அளந்து, வழியையும் எழுதிக் காட்டுங்கோ. விடை மட்டும் போட்டால் மார்க் இல்லை."

விஷயம் இதுதான். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர் விமானம் 2022 டிசம்பரில் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. டீச்சர் ஒரு தடவை போய் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். மகள் டொரன்டோவிலிருந்து, "அவ்வளவு தூரம் உங்களாலே ஏலாதம்மா" என்று சொல்லிவிட்டாள். "எவ்வளவு தூரம் எண்டு அவளுக்குச் சொல்ல வேணும். கணக்குப் படிச்ச பிள்ளை. நம்பரைச் சொன்னால் அடங்குவாள்."

நானும் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம் சுமார் 645 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரோடு வழியாகச் சுமார் 400. ஆக மொத்தம் 1,045. கட்டைக் கணக்கில் 650. அழகாக அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன்.

டீச்சர் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பிழை. நான் ரூட் கேக்கேல்லை. தூரம் கேட்டனான்."

இந்த இரண்டு வார்த்தைக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு அறுபது வயதில் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

*

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரம் என்றால், முதலில் எதிலிருந்து எது வரை என்று கேட்க வேண்டும். ஆட்டோ நிற்கும் வாசலிலிருந்தா, போர்டிங் பாஸ் தரும் கவுன்டரிலிருந்தா? இரண்டுமில்லை. உலகத்தில் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஆதாரப் புள்ளி என்று ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஓடுபாதைகளுக்கு நடுவே எங்காவது இருக்கும். அந்தப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகைதான் அந்த விமான நிலையத்தின் விலாசம். முன்பெல்லாம் ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த மாதிரி பூமியைக் கற்பனை செய்து அளந்துகொண்டிருந்தது. அதனால் எல்லை தாண்டும்போது கணக்கு கொஞ்சம் இடித்தது. 1998 ஜனவரி 1-லிருந்து எல்லா நாடுகளும் WGS-84 என்ற ஒரே அளவு முறைக்கு வரவேண்டும் என்று சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு சொல்லிவிட்டது. உங்கள் செல்போனில் ஜி.பி.எஸ். பேசுவதும் இதே பாஷைதான்.

சரி, விலாசம் கிடைத்துவிட்டது. மீனம்பாக்கம் அட்சரேகை கிட்டத்தட்ட 12.99 டிகிரி வடக்கு. பலாலி 9.79. தீர்க்கரேகை இரண்டுக்கும் ஏறக்குறைய 80 டிகிரி கிழக்கு. இதைக் கவனித்தவுடன் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்று! சைன், காஸைன் எதுவும் தேவையில்லை. வெறும் கழித்தல் கணக்கு.

12.99-லிருந்து 9.79 போனால் 3.20. ஒரு டிகிரி அட்சரேகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். பெருக்கினால் 355.

கப்பல்காரர்களும் விமானிகளும் இன்னும் சுலபமாகச் செய்வார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம். ஒரு நிமிஷம் அட்சரேகைதான் ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். 3.2-ஐ 60-ஆல் பெருக்கினால் 192 நாட்டிக்கல் மைல். அதுவும் அதே 355 கிலோமீட்டர்தான். டீச்சரின் கட்டையில் சுமார் 220.

அப்புறம் சும்மா இருக்க முடியாமல் மற்ற ஊர்களையும் பார்த்தேன். சென்னையிலிருந்து விமான தூரம் கோயமுத்தூருக்குச் சுமார் 400 கிலோமீட்டர். மதுரைக்குச் சுமார் 415. நம்புங்கள். மதுரையைவிட, கோவையைவிட யாழ்ப்பாணம் நமக்குப் பக்கம். சந்தேகமிருந்தால் பிள்ளைகளின் அட்லசை எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நான் இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன்.

*

டீச்சர் இந்தத் தடவை காகிதத்தை வாங்கிப் படித்து, "பூமி உருண்டையோ, தட்டையோ?" என்றார்.

"உருண்டை டீச்சர்."

"சரியான உருண்டையோ?"

இப்படிக் கேட்டால் உஷாராகிவிட வேண்டும். பூமி துருவங்களில் கொஞ்சம் சப்பை, நடு வயிற்றில் கொஞ்சம் உப்பல். பூமத்திய ரேகை ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357. வித்தியாசம் 21 கிலோமீட்டர். இதனால் எல்லா இடத்திலும் ஒரு டிகிரி ஒரே நீளமாக இருப்பதில்லை. நம் பக்கம் 111-க்குக் கொஞ்சம் குறைவு. திருத்திப் பார்த்தால் என் 355-ல் ஒரு கிலோமீட்டர் போலக் குறையும். டீச்சர் பத்துக்கு ஒன்பது போட்டார்.

இந்தச் சப்பை உப்பல் சமாசாரத்தை அளந்தவர்களில் முக்கியமான ஒருத்தர் வேலையை ஆரம்பித்தது எங்கே தெரியுமா? எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரிகிற பரங்கிமலை அடிவாரத்தில். இன்றைக்கு விமானங்கள் தாழ்ந்து வந்து இறங்குகிற மீனம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்கிற ராணுவ அதிகாரி, 100 அடி நீளமுள்ள ஒரு இரும்புச் சங்கிலியோடு அங்கே வந்தார். பரங்கிமலைப் பக்கமிருந்து தெற்கே பெரும்பாக்கம் பக்கம் வரை ஒரு நேர்கோட்டை அளந்தார். மொத்தம் ஏழரை மைல். ஆட்டோவில் போனால் அரை மணி. அவருக்கு 57 நாள் ஆயிற்று. சங்கிலியைக் கிட்டத்தட்ட நானூறு தடவை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் பக்கத்திலேயே தெர்மாமீட்டர் வைத்து, உஷ்ணத்தைக் குறித்து, அதற்கும் கழித்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் இதைச் செய்தவர்களுக்கு நாம் ஒரு கும்பிடு போட வேண்டும். சங்கிலியைச் சுமந்த உள்ளூர்க்காரர்களையும் சேர்த்து.

எதற்கு இந்தப் பாடு? முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களும் தானாக வந்துவிடும். ஒரே ஒரு கோட்டை ஒழுங்காக அளந்துவிட்டால், அப்புறம் கோணங்களை மட்டும் பார்த்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாகத் தேசத்தையே அளந்துவிடலாம். அப்படித்தான் தெற்கே கன்னியாகுமரிப் பக்கமும், வடக்கே பிற்பாடு இமயமலை வரையும் போனார்கள். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் கிடைத்ததும் இந்தக் கணக்கின் தொடர்ச்சியில்தான். கோணம் பார்க்கிற தியோடலைட் அரை டன் கனம். 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் பல வாரம் உட்கார்ந்து அதைத் தட்டிச் சரிபண்ணினார். அதுவும் ஒரு விமான விபத்துதான்!

டீச்சரிடம் இதைச் சொன்னேன். "இஞ்சயிருந்து அளந்தவன் கடலைத் தாண்டி எங்கட பக்கம் வரேல்லையோ?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

*

மகள் பக்கத்தையும் பார்க்க வேண்டுமில்லையா? சென்னை - டொரன்டோ தூரத்தைக் கழித்தல் கணக்கில் செய்ய முடியாது. இதற்கு உருண்டையின் மேல் செய்யும் திரிகோணமிதி வேண்டும். அந்த ஃபார்முலாவை இங்கே எழுதினால் நீங்கள் அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போய்விடுவீர்கள். அதைவிட ஒரு சுலப வழி சொல்கிறேன்.

ஒரு க்ளோபும் கொஞ்சம் தையல் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையைச் சென்னை மேல் வைத்து அழுத்தி, மறு முனையை டொரன்டோ வரை தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். சுவரில் மாட்டுகிற மேப்பைப் பார்த்துப் பழகிய நாம், அரபிக் கடல், ஐரோப்பா, அட்லான்டிக் என்று மேற்கே ஓடும் என்று நினைப்போம். நூலோ கஜகஸ்தானைத் தாண்டி, ரஷ்யாவைத் தாண்டி, ஆர்க்டிக் பக்கம் எட்டிப் பார்த்து, கிரீன்லாந்துப் பனி மேல் நடந்து டொரன்டோவில் இறங்கும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இதுதான் மிகக் குறுகிய வழி. பெருவட்டம் என்பார்கள். உருண்டையைத் தட்டையாக்கி மேப் போடும்போது எங்கேயாவது பொய் சொல்லியாக வேண்டும். வடக்கே போகப் போகப் பொய் பெரிசாகும்.

இனி நூலை அப்படியே எடுத்து, பூமத்திய ரேகையில் சுற்றிப் பாருங்கள். முழுச் சுற்று சுமார் 40,000 கிலோமீட்டர். உங்கள் நூல் அதில் மூன்றில் ஒரு பங்கு வரும். கம்ப்யூட்டரில் போட்டால் 13,400-க்குப் பக்கத்தில் காட்டும்.

டீச்சர் அந்த 13,400 கிலோமீட்டரை இரண்டு தடவை போய்விட்டு வந்திருக்கிறார். பேரன் பிறந்தபோது ஒன்று, பேத்தி பிறந்தபோது ஒன்று. வெறும் 355-ஐ மட்டும் முப்பத்து மூன்று வருஷமாகப் போகவில்லை.

*

என் முதல் காகிதத்துக்குப் பூஜ்யம் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஏனென்றால் 1,045 முழுப் பொய்யில்லை. வெகு காலத்துக்கு அதுதான் நிஜமான தூரம். மண் சொல்கிற தூரம் ஒன்று. மனுஷன் விடுகிற தூரம் இன்னொன்று.

விமானம் என்றைக்குமே நூல் பிடித்த மாதிரி போவதில்லை. ஓடுபாதை எந்தத் திசையோ அந்தத் திசையில் கிளம்பி, வட்டமடித்து, குறித்து வைத்த பாதையில் சேர்ந்து, மேகத்தை ஒதுக்கிப் போகிறது. சில சமயம் காற்றுக்காகவே தூரத்தைக் கூட்டிக்கொள்ளும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியாவின் டெல்லி - சான்ஃபிரான்சிஸ்கோ விமானம் அட்லான்டிக் வழியை விட்டுவிட்டு, கிழக்கே பசிபிக் வழியாக 15,300 கிலோமீட்டர் போனது. வழக்கத்தைவிட நீளமான வழி. ஆனால் பின்னாலிருந்து காற்று தள்ளியதால் பதினாலரை மணியில், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. காற்று செய்வதை மன்னித்துவிடலாம்.

மனிதர்கள் செய்வது வேறு. 2022-ல் உக்ரைன் யுத்தத்துக்குப் பிறகு ரஷ்யா ஐரோப்பிய விமானங்களுக்கு வானத்தை மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரமாக இருந்த பயணம் பதிமூன்று மணி நேரமாயிற்று. ஹெல்சிங்கி நகரவில்லை. டோக்கியோவும் நகரவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போனவர்கள் அரபிக் கடல் பக்கம் சுற்ற வேண்டி வந்தது.

பலாலிக் கதையும் இதேதான். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படை போட்ட ஓடுபாதை அது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியபோதே ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்தில் இறங்கி, மெட்ராசுக்குப் பறந்தது. டீச்சரின் அப்பா மெட்ராசுக்கு வந்து சேலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனவராம். அப்புறம் அந்த விமானம் நின்றது. யுத்தம் வந்தது. விமான நிலையத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் வந்தது. 1990-ல் சுற்று வட்டாரத்து ஜனங்கள் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாக மறுபடி திறந்து, நவம்பரில் சென்னை விமானம் வந்தது. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து அதையும் நிறுத்தியது. டீச்சர் அந்த முறையே போகக் கிளம்பியவர். பெட்டி கட்டி வைத்து, பிரித்து எடுத்தார்.

அதனால்தான் இந்தத் தடவை மகளிடம் பேச்சே வைத்துக்கொள்ளாமல் நம்பரோடு பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"220 கட்டை பிள்ளை. மதுரையிலும் கிட்ட. ஏறி இருந்தால் ஒரு கட்டுப் பேப்பர் திருத்தி முடிக்கிற நேரம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "போயிட்டு வாங்கோ அம்மா" என்று கேட்டது.

*

2023 மார்ச்சில் டீச்சர் போனார். சின்ன ஏ.டி.ஆர். விமானம், பக்கவாட்டில் காற்றாடி சுற்றுமே, அது. மீனம்பாக்கத்தில் விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்து குளித்து, பேப்பர் படித்து, காப்பி குடித்து முடிப்பதற்குள் போன் வந்தது. "வந்து இறங்கியிட்டன் தம்பி. கணக்குச் சரி."

பத்து நாள் கழித்துத் திரும்பினார். பை நிறையப் பனங்கட்டியும் ஒடியலும். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. வீட்டைப் பற்றி அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது சொன்னார்.

"தம்பி, உங்கட கணக்கிலே ஒரு பிழை."

"எவ்வளவு டீச்சர்?"

"அரைக் கட்டை."

சுற்று வட்டாரத்தில் 2009-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிலங்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் அல்ல. டீச்சரின் வளவு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. விமானம் தாழ்ந்து இறங்கும்போது கடற்கரை தெரிந்தது, சிவப்பு மண் தெரிந்தது, பனங்கூடல் தெரிந்தது. அதில் எது தன் பனை என்று பார்ப்பதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது. மறுநாள் உறவுக்காரப் பையன் ஒருவன் ஆட்டோவில் வேலி வரை கூட்டிப்போனான். வீடு இருக்கிறதா, இல்லையா என்று தெரியவில்லை. பற்றை மண்டிக் கிடந்தது. அங்கிருந்து அரைக் கட்டை.

"220 கட்டை வந்தனான். அரைக் கட்டை போக ஏலாமப் போச்சு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அளவு எடுக்கும்போது நான் ஆதாரப் புள்ளியிலிருந்து ஆதாரப் புள்ளி வரைக்கும்தான் எடுத்தேன். விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரம் அதோடு முடிந்துவிடும். ஆட்கள் போகிற இடம் அதற்கு அப்பால்தான் இருக்கிறது என்பது என் காகிதத்தில் இல்லை.

டீச்சர் அழவில்லை. துணியை மடித்து வைத்துக்கொண்டே, வேலி ஓரமாக நின்று தான் செய்ததைச் சொன்னார். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, திசை குறித்து, வேலிக் கம்பங்களை எண்ணி, தன் கிணறு எந்தக் கம்பத்துக்கு நேராக வரும் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பூகோளம் டீச்சர் அல்லவா? "திறந்து விட்டால் தேடிக்கொண்டு நிக்கக் கூடாது. நேரே போக வேணும்."

அதற்குப் பிறகும் ஒரு தடவை போய் வந்தார். 2024 செப்டம்பரில் இன்னொரு கம்பெனியும் அந்த ரூட்டில் விமானம் விட்டதும் எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு க்ளோப் பரண் மேல் கிடக்கும். இறக்கித் துடைத்து, நீங்கள் இருக்கும் ஊருக்கும், போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிற ஊருக்கும் நடுவே ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கூடவே அந்த அரைக் கட்டையையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் காகிதம் டீச்சரிடம்தான் இருக்கிறது. பத்துக்கு ஒன்பதை அடித்து எட்டரை போட்டிருக்கிறார்.